ஓல்டுவாயில் ஒரு வாழ்நாள்: மேரி லீக்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனித முன்னோர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நான் மேரி லீக்கியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். உடனே கேள்விகள் வரும். மாணவர்கள், ஆசிரியர்கள், நண்பர்கள் என்று யார் கேட்டாலும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். வாயால் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில்களை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நகர்கின்றன.

மேரி லீக்கி யாரு? லூயிஸ் லீக்கியோட மனைவிதானே?

மனைவிதான். இருவரும் கிழக்கு ஆப்பிரிக்காவில் மனித முன்னோர்களின் எலும்புகளையும் கருவிகளையும் தேடிய ஆய்வாளர்கள். ஆனால் லீக்கி குடும்பத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்த பல கண்டுபிடிப்புகள் மேரியின் கண்ணில் முதலில் பட்டவை. 1913இல் லண்டனில் பிறந்தவர். 1935இல் முதன்முதலாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அதன்பிறகு வாழ்க்கையின் பெரும்பகுதி கென்யாவிலும் தான்சானியாவிலும்தான். 1996 டிசம்பர் 9 அன்று நைரோபியில் 83ஆவது வயதில் காலமானார்.

லூயிஸ் நன்றாகப் பேசுவார், பெரிய பெரிய கருத்துகளைத் துணிந்து சொல்வார், நிதி திரட்டுவார். மேரிக்கு மேடையும் பேட்டியும் பிடிக்காது. குழியில் குனிந்து உட்கார்ந்து, கிடைத்த ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்று குறித்துக்கொண்டிருப்பார். செய்தித்தாள்களுக்கு லூயிஸ்தான் தோதானவர் என்பதால் பெயர் அவர் பக்கம் சேர்ந்தது. இன்றைக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது மேரியின் குறிப்புகளையும் வரைபடங்களையும்.

டிகிரியே இல்லைன்னு சொல்றாங்களே, அப்புறம் எப்படி விஞ்ஞானி?

உண்மைதான். அவர் பல்கலைக்கழகத்தில் சேரவே இல்லை. பள்ளியிலும் ஒழுங்காகப் படித்ததில்லை. அப்பா ஓர் ஓவியர். குடும்பம் ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றியது. தென்மேற்கு பிரான்சில் இருந்தபோது சிறுமி மேரி கற்கால மனிதர்களின் குகை ஓவியங்களைப் பார்த்தார், அகழாய்வில் தோண்டிக் கொட்டிய மண்ணைக் கிளறிக் கல் கருவிகளைப் பொறுக்கினார். 13 வயதில் அப்பா இறந்துபோனார். பிறகு சேர்த்த இரண்டு கன்னிமாடப் பள்ளிகளும் அவரை வெளியே அனுப்பின. வாயில் சோப்பைப் போட்டுக்கொண்டு வலிப்பு வந்ததுபோல் நடித்தது ஒரு குற்றம், வேதியியல் வகுப்பில் வேண்டுமென்றே வெடிக்க வைத்தது இன்னொன்று.

தொழிலைக் கற்றது வேறு வழியில். லண்டனில் நிலவியல், தொல்லியல் விரிவுரைகளுக்குப் போய் உட்கார்ந்தார். இங்கிலாந்தில் நடந்த அகழாய்வுகளில் கடிதம் எழுதிக் கேட்டு வேலைக்குச் சேர்ந்தார். அப்பாவிடமிருந்து வந்த கை இருந்தது. கல் கருவிகளை அவர் வரைந்தால், எந்தப் பக்கம் அடி விழுந்தது என்பது படத்தைப் பார்த்தே தெரியும். அந்தப் படங்கள்தான் அவருக்கு முதல் சம்பளம். இளவயதில் அவருக்கு இடம் தராத ஆக்ஸ்போர்டு, 1981இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

லூயிஸுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்துச்சாமே?

ஆமாம். 1933இல் தன் புத்தகத்துக்குப் படம் வரைய ஆள் தேடியபோது லூயிஸ் மேரியைச் சந்தித்தார். அப்போது லூயிஸின் மனைவி ஃப்ரீடா இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். அது ஃப்ரீடாவுக்கு இழைத்த கொடுமை. மேரி மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை மழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. விவாகரத்து முடிந்து, 1936 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லூயிஸும் மேரியும் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த விவகாரத்தால் கேம்பிரிட்ஜில் லூயிஸின் எதிர்காலமும் அடிபட்டது.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். லூயிஸ் 1930களின் தொடக்கத்தில் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் ஓர் ஓடைப் பள்ளத்துக்கு ஃப்ரீடாவின் பெயரை வைத்திருந்தார். சுவாஹிலியில் அப்படிப்பட்ட பள்ளத்துக்கு ‘கொரொங்கோ’ என்று பெயர். ஃப்ரீடா லீக்கி கொரொங்கோ, சுருக்கமாக எஃப்.எல்.கே.

ஓல்டுவாய் எங்க இருக்கு? அங்க மட்டும் ஏன் இவ்வளவு கிடைக்குது?

தான்சானியாவின் வடக்கே, செரெங்கெட்டி சமவெளியின் ஓரத்தில். அங்கே காட்டுக் கற்றாழை போன்ற ஒரு செடி வளர்கிறது. மாசாய் மக்கள் அதை ‘ஓல்டுபாய்’ என்பார்கள். வெளியிலிருந்து வந்தவர் காதில் அது ஓல்டுவாய் என்று விழுந்தது. பள்ளத்தாக்கின் ஆழம் சுமார் 90 மீட்டர்.

இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் ஏரி இருந்தது. தண்ணீருக்கு விலங்குகள் வந்தன, அவற்றின் பின்னே வேட்டை விலங்குகள் வந்தன, நம் முன்னோர்களும் வந்தார்கள். பக்கத்து எரிமலைகள் அவ்வப்போது சாம்பலைக் கொட்டி எல்லாவற்றையும் மூடின. சேறு, சாம்பல், மறுபடி சேறு என்று அடுக்கடுக்காக ஏறியது. மிகப் பிற்காலத்தில் ஓர் ஆறு அந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டு ஓடியது. கேக்கை வெட்டினால் உள்ளே இருக்கும் அடுக்குகள் தெரிவதுபோல, பள்ளத்தாக்கின் சரிவில் காலம் வரிசையாகத் தெரிகிறது. மற்ற இடங்களிலும் எலும்புகள் புதைந்திருக்கலாம், ஆனால் அவற்றை வெளியே காட்ட இப்படி ஓர் ஆறு அறுத்துத் தரவேண்டும்.

எங்க தோண்டணும்னு எப்படித் தெரியும்? சும்மா தோண்டிக்கிட்டே போவாங்களா?

கண்ட இடத்தில் தோண்டுவது கிடையாது. முதல் வேலை நடப்பது. மழை பெய்து மண் அரித்துப்போன சரிவுகளில் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடப்பார்கள், சில இடங்களில் தவழ்வார்கள். ஒவ்வொரு மழையும் சரிவிலிருந்து கொஞ்சம் மண்ணைக் கழுவிக்கொண்டு போகும். போன வருடம் ஒன்றுமில்லாத இடத்தில் இந்த வருடம் ஒரு பல் எட்டிப் பார்க்கும். கல்லும் எலும்பும் கலந்து கிடக்கும் தரையில் எலும்பை மட்டும் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். உடைந்த முனையில் தெரியும் நுண்துளைகள், பல்லின் மேல்பூச்சு அடிக்கும் தனி மினுமினுப்பு, இவைதான் அடையாளம்.

கண்ணில் பட்டதும் கையில் எடுத்துவிடக் கூடாது. அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது தெரியாமல் போனால் எலும்புக்கு வயது இல்லாமல் போய்விடும். சுற்றியுள்ள மண்ணைச் சலிப்பார்கள். பிறகு நூல் கட்டிக் கட்டம் பிரித்து, பல் மருத்துவர் வைத்திருக்கும் கொக்கி ஊசியாலும் தூரிகையாலும் மண்ணை விரல் கனம் விரல் கனமாக எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் வரைபடத்தில் குறித்து, அதன் மேலேயே மையால் எண் எழுதுவார்கள். ஒரு மேசையளவு இடத்துக்கு நாள்கணக்கில் ஆகலாம். மேரி இதில் சமரசமே செய்துகொள்ளாதவர்.

அந்தக் காட்டுல எப்படி வாழ்ந்தாங்க?

கஷ்டப்பட்டுத்தான். மேரி முதன்முதலாகப் போன 1935இல் உணவும் தண்ணீரும் தீர்ந்துபோய், காண்டாமிருகங்கள் புரண்டு சிறுநீர் கழித்த குட்டைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். எத்தனை தடவை வடிகட்டினாலும் தேநீரில் அந்த வாடை போகவில்லையாம். பணம் எப்போதும் பற்றாக்குறை. பல ஆண்டுகள் சில வாரங்கள் மட்டும் வந்து தேடிவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் ஜொனாதன், ரிச்சர்டு, ஃபிலிப் என்று மூன்று மகன்கள். ஒரு பெண் குழந்தையும் பிறந்து கைக்குழந்தையாகவே இறந்துபோனது. பிள்ளைகள் வளர்ந்ததே அகழாய்வு முகாம்களில்தான்.

இரவில் சிங்கம் நடமாடும் இடம். மேரி எப்போதும் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களைக் கூட வைத்திருப்பார். பாம்போ பெரிய விலங்கோ பக்கத்தில் இருந்தால் நாய்கள் முதலில் குரைத்துச் சொல்லிவிடும். பார்வை முழுவதும் தரையில் இருக்கும் ஒருவருக்கு அந்தத் துணை தேவைதான்.

1959க்கு முன்னாடி ஒண்ணுமே கண்டுபிடிக்கலையா?

1959இல் கிடைத்த புகழ்பெற்ற மண்டையோட்டைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன். அதற்கு முன்பே நிறைய. 1935இலேயே ஓல்டுவாயில் ஒரு முன்னோர் மண்டையோட்டின் இரண்டு சிறு துண்டுகளை எடுத்தார். 1940களில் கென்யாவின் ஓலோர்கெசாய்லியில் தரை முழுக்கக் கைக்கோடரிகள் இறைந்து கிடந்த இடத்தைக் கண்டார்கள். அவற்றில் பலவற்றை அள்ளாமல் கிடந்தபடியே விட்டு, மக்கள் வந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 1948இல் விக்டோரியா ஏரியின் ருசிங்கா தீவில் புரோகான்சல் என்ற ஆதிக் குரங்கின் முகத்தோடு கூடிய மண்டையோட்டை மேரி கண்டெடுத்தார். அதன் வயது சுமார் 1 கோடியே 80 லட்சம் ஆண்டுகள். அதை ஒரு பெட்டியில் வைத்து, தானே கையோடு லண்டனுக்கு விமானத்தில் கொண்டுபோனார்.

1959ல கிடைச்சது வெறும் அதிர்ஷ்டம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1959 ஜூலை 17. லூயிஸ் காய்ச்சலில் படுத்துவிட்டார். மேரி நாய்களை மட்டும் கூட்டிக்கொண்டு எஃப்.எல்.கே. பள்ளத்துக்குப் போனார். ஆமாம், மேலே சொன்ன அதே ஃப்ரீடாவின் பெயர் கொண்ட பள்ளம். சரிவில் ஏராளமான எலும்புத் துண்டுகள் உதிர்ந்து கிடந்தன. அவற்றில் ஒன்று மட்டும் உதிர்ந்ததாகத் தெரியவில்லை, மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் நாம் விரலால் தடவினால் ஒரு புடைப்பு தெரியுமே, மண்டையோட்டின் அந்தப் பகுதி. தூரிகையால் மண்ணை லேசாகத் தள்ளினார். தாடையில் பதிந்தபடி இரண்டு பெரிய பற்கள். வண்டியை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் பறந்தார். காய்ச்சலை மறந்து லூயிஸ் எழுந்து ஓடிவந்தார். ஆனால் பற்களைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. அவர் தேடிக்கொண்டிருந்தது நம் ஹோமோ இனத்தை, இது வேறு மாதிரி இருந்தது. மேரிக்கு அந்த ஏமாற்றமெல்லாம் இல்லை. படம்பிடிப்பவர் வந்து சேரும் வரை அதைக் கற்களால் மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

மேரி அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் கால் வைத்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று காலை அந்தச் சரிவில் வேறு யார் நடந்திருந்தாலும் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

முழு மண்டையோடா கிடைச்சுதா?

இல்லை, சுமார் 400 துண்டுகளாக. எலும்பு எடுத்த இடத்து மண்ணை எல்லாம் சலித்துச் சேர்த்தார்கள். விடையாக ஒரு படம் கையில் இல்லாத புதிரை மேரி பொறுமையாக ஒட்டி முடித்தார். உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், வளைவு தொடர வேண்டும், தடிமன் ஒத்துப்போக வேண்டும். ஏதோ ஒரு மாதிரி ஒட்டிவிட முடியாது. கீழ்த்தாடை கிடைக்கவில்லை. லூயிஸ் அதற்கு சின்ஜாந்த்ரோபஸ் பாய்சி என்று பெயர் வைத்தார். இன்று பெரும்பாலும் பாராந்த்ரோபஸ் பாய்சி என்கிறார்கள். வீட்டில் செல்லமாக சின்ஜ். அசல் மண்டையோடு இப்போது தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

சின்ஜுக்கு 17 லட்சம் வருஷம்னு எப்படிக் கணக்குப் போட்டாங்க? கார்பன் டேட்டிங்கா?

கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான் உதவும். அதற்கு மேல் அளக்கிற அளவுக்குக் கார்பன்-14 மிஞ்சாது. இங்கே பயன்பட்டது பொட்டாசியம்-ஆர்கான் முறை. எரிமலைக் குழம்பில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உடையது, மிக மெதுவாக ஆர்கான் வாயுவாக மாறுகிறது. குழம்பு உருகி இருக்கும்வரை ஆர்கான் வெளியேறிவிடும். இறுகிய பிறகு உருவாகும் ஆர்கான் படிகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அந்தச் சாம்பல் எப்போது விழுந்தது என்று தெரிந்துவிடும். எலும்பின் வயதை நேரடியாக அளப்பதில்லை, அதன் மேலும் கீழும் உள்ள சாம்பல் அடுக்குகளின் வயதைத்தான் அளக்கிறார்கள். அடுக்கைக் குறிக்காமல் எலும்பை எடுக்கக் கூடாது என்று முன்பு சொன்னதன் காரணம் இதுதான்.

லூயிஸ் முதலில் ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் என்று ஊகித்தார். 1961இல் கலிஃபோர்னியாவின் எவர்ன்டனும் கர்ட்டிஸும் அளந்து 17.5 லட்சம் என்றார்கள். அன்றைக்குப் பலரால் நம்ப முடியவில்லை. பிந்தைய, நுட்பமான அளவீடுகள் 18 லட்சத்தையும் தாண்டிவிட்டன.

அப்போ சின்ஜ் நம்ம பாட்டனா?

பாட்டன் இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம். சின்ஜின் கடைவாய்ப் பற்கள் நம்முடையதைவிடப் பல மடங்கு பரப்பு கொண்டவை, உச்சந்தலையில் தாடைத் தசை ஒட்டிக்கொள்ள ஓர் எலும்பு முகடு. நிறைய மென்று வாழ்ந்து, வாரிசு இல்லாமல் அற்றுப்போன கிளை அது. 1960இல் அதே பள்ளத்தாக்கில் மகன் ஜொனாதன் இன்னொரு முன்னோரின் எலும்புகளைக் கண்டார். மூளை கொஞ்சம் பெரியது, பற்கள் சிறியவை. 1964இல் அதற்கு ஹோமோ ஹேபிலிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஏரிக்கரையில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு வகை முன்னோர்கள் நடமாடியிருக்கிறார்கள்.

‘அப்படியானால் விட்டுப்போன கண்ணி எது?’ என்று அடுத்துக் கேட்பார்கள். ஒற்றைச் சங்கிலி இருந்தால்தானே விட்டுப்போன கண்ணி இருக்கும். இது கிளை கிளையாகப் பிரியும் மரம்.

கல் கருவின்னு சொல்றதெல்லாம் தானா உடைஞ்ச கல்லா இருக்காதா?

நல்ல சந்தேகம். ஒரு கல்லை இன்னொரு கல்லால் சரியான கோணத்தில் ஓங்கி அடித்தால், உரிந்து வரும் சில்லில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு சிறு புடைப்பு உருவாகும். மூலக் கல்லில் அதே இடத்தில் குழிவு. ஒரே விளிம்பில் வரிசையாக ஐந்தாறு சில்லுகள் உரிந்திருந்தால் அது தற்செயல் இல்லை. இன்னொரு சான்று, கல் எங்கிருந்து வந்தது என்பது. ஓல்டுவாய் ஏரிக்கரைக் களிமண்ணில் கிடந்த குவார்ட்சைட் கற்கள் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நைபோர் சோயிட் குன்றிலிருந்து வந்தவை. மெல்லிய களிமண்ணைக் கலைக்காமல் ஓடும் தண்ணீருக்கு அவ்வளவு பெரிய கற்களை உருட்டிவர வலு கிடையாது. யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள்.

மேரியின் ஆகப் பெரிய உழைப்பு இதில்தான் என்பேன். சின்ஜ் கிடைத்த தளத்தில் மட்டும் சுமார் 2,500 கல் துண்டுகள். இப்படித் தளம் தளமாக எல்லாவற்றையும் வகைபிரித்து, அளந்து, வரைந்து, கீழ் அடுக்குகள் பற்றிய பெரிய ஆய்வு நூலை 1971இல் வெளியிட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆதிக் கல் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

லேட்டோலி கால்தடத்தை யானைச் சாணி எறிஞ்சு விளையாடும்போது கண்டுபிடிச்சாங்களாமே, நிஜமா?

நிஜம், ஆனால் பாதிக் கதை. லேட்டோலி ஓல்டுவாய்க்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கிறது. லூயிஸ் 1972இல் இறந்தபின் மேரி 1970களின் நடுவில் அங்கே வேலையைத் தொடங்கினார். 1976இல் பார்க்க வந்த விஞ்ஞானிகள் காய்ந்த யானைச் சாணியை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடியபோது, ஆண்ட்ரூ ஹில் தப்பிக்கக் குனிந்தார், விழுந்தார். முகத்துக்கு நேரே இறுகிய சாம்பலில் விலங்குகளின் தடங்கள். அவர் கண்டது விலங்குத் தடங்களை மட்டும்.

முன்னோர்களின் நீண்ட தடவரிசை 1978இல் கிடைத்தது. பால் ஏபெல் குதிகால் போன்ற ஒரு தடத்தைப் பார்த்தார். முதலில் பெரிதாக யாரும் நம்பவில்லை. மேரி தன் குழுவில் இருந்த என்டிபோவை அங்கே தோண்டிப் பார்க்கச் சொன்னார். அவர் திரும்பிவந்து, ஒன்றல்ல இரண்டு இருக்கிறது, ஒன்று பெரிது என்றார். அதன்பின் தோண்டத் தோண்டத் தடங்கள் நீண்டுகொண்டே போயின. சுமார் 27 மீட்டர் நீளம், ஏறத்தாழ 70 தடங்கள்.

36 லட்சம் வருஷமா ஒரு கால்தடம் எப்படி அழியாம இருக்கும்?

வரிசையாகப் பல விஷயங்கள் கூடிவந்தன. எரிமலை நுண்ணிய சாம்பலைக் கொட்டியது. அதன்மேல் லேசான மழை பெய்தது. மழைத்துளி விழுந்த பள்ளங்கள்கூடப் பதிந்திருக்கின்றன. ஈரச் சாம்பல் சிமென்ட்போல இறுகும் தன்மையுடையது. இறுகுவதற்குள் முயல், கினிக்கோழி, ஒட்டகச்சிவிங்கி, யானை, மூன்று விரல் குதிரை எல்லாம் நடந்துபோயின, நம் முன்னோர்களும் நடந்தார்கள். வெயிலில் காய்ந்தது. தடம் கலைவதற்குள் அடுத்த சாம்பல் வந்து மூடியது. வயது சுமார் 36.6 லட்சம் ஆண்டுகள் என்பது முன்பு சொன்ன அதே பொட்டாசியம்-ஆர்கான் வகை அளவீட்டால் தெரிந்தது.

அந்தத் தடத்தை வச்சு என்ன தெரிஞ்சுக்க முடியும்? அப்பா அம்மா குழந்தைன்னு படம் போடுறாங்களே?

உறுதியாகத் தெரிவது, நிமிர்ந்து நடந்தார்கள் என்பது. குதிகால் ஆழமாக ஊன்றியிருக்கிறது, கட்டைவிரல் குரங்குக்குப் போல விலகாமல் மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னோக்கி இருக்கிறது. லேட்டோலியில் அந்தக் காலத்துக் கல் கருவி ஒன்றுகூட இல்லை, மூளையும் சிறியது. ஆக, மூளை பெரிதாகி, கருவி செய்யத் தொடங்குவதற்கு வெகு முன்பே இரண்டு காலில் நடந்துவிட்டோம். மூளைதான் முதலில் வளர்ந்தது என்று நீண்டகாலம் நம்பியிருந்தவர்களுக்கு அந்தச் சாம்பல் பாறை நேரடியான பதில்.

ஒரு வரிசை சிறிய காலடி. இன்னொரு வரிசையில் ஒருவர் வைத்த தடத்தின் மேலேயே மற்றொருவர் கால் வைத்திருக்கிறார். ஆக மூன்று பேர் என்று கணக்கு. குடும்பம் என்பது நம் ஆசை, தடத்தில் உறவுமுறை எழுதியிருக்காது. ஓரிடத்தில் அந்தச் சிறிய தடம் லேசாக இடப்பக்கம் திரும்புகிறது. நின்று, எதையோ பார்த்துவிட்டு மறுபடி நடந்திருக்கலாம் என்று மேரி எழுதினார். ஊகத்தை அவ்வளவாகக் கிட்டே சேர்க்காத அவரே அந்த ஓரிடத்தில் மனம் இளகியிருக்கிறார்.

லூசியைக் கண்டுபிடிச்ச ஜோஹன்சனோட என்ன சண்டை?

லூசி என்பது ஒரு முன்னோரின் எலும்புக்கூட்டுக்கு வைத்த பெயர். 1974இல் எத்தியோப்பியாவின் ஹதாரில் கிடைத்தது, வயது சுமார் 32 லட்சம் ஆண்டுகள். டொனால்ட் ஜோஹன்சனும் டிம் வைட்டும் ஹதார் எலும்புகளையும் லேட்டோலி எலும்புகளையும் ஒப்பிட்டு, எல்லாம் ஒரே இனம் என்று முடிவுக்கு வந்தார்கள். 1978இல் ஆஸ்ட்ரலோபிதெகஸ் அஃபாரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தால் அதற்கு ஒரு மூல மாதிரி எலும்பைக் காட்ட வேண்டும். அவர்கள் காட்டியது லூசியை அல்ல. மேரியின் குழு லேட்டோலியில் எடுத்த ஒரு கீழ்த்தாடையை.

பெயரோ எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியுடையது, மாதிரியோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் தான்சானியாவில் கிடைத்தது. போதாக்குறைக்கு மேரியின் பெயரையும் கட்டுரையாசிரியர்களில் ஒருவராகச் சேர்த்திருந்தார்கள். மேரி அதை எடுக்கச் சொன்னார். அச்சான கட்டுரையை மாற்றி அச்சடிக்க வேண்டியதாயிற்று. லேட்டோலி எலும்புகள் ஹோமோவின் நேர் வழியைச் சேர்ந்தவை என்பது மேரியின் எண்ணம். இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருப்பது ஜோஹன்சன் தரப்பைத்தான். இனப் பெயரில் மேரி தோற்றார் என்று சொல்லலாம். ஆனால் தான் எடுத்த எலும்பு தன் சம்மதமில்லாமல் மூல மாதிரியாக்கப்பட்டதில் அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

இதெல்லாம் லீக்கி குடும்பமே கண்டுபிடிச்சதா? உள்ளூர்க்காரங்க யாரும் இல்லையா?

இருந்தார்கள், அவர்கள் இல்லாமல் எதுவுமே இல்லை. மேலே சொன்ன கீழ்த்தாடையைக் கண்டவர் மாவுண்டு முலுய்லா. ஹெசெலோன் முகிரி பல பத்தாண்டுகள் லீக்கிகளோடு அகழாய்வு செய்தவர். 1960இல் ஓல்டுவாய்க்கு வேலைக்கு வந்த காமோயா கிமெயு பிறகு உலகின் தலைசிறந்த புதைபடிவத் தேடலாளர்களில் ஒருவரானார். 1984இல் துர்கானா ஏரிக்கரையில் ஓர் ஆதிச் சிறுவனின் ஏறத்தாழ முழு எலும்புக்கூட்டுக்கு வழிகாட்டிய முதல் துண்டைக் கண்டது அவர் கண்தான். அந்தத் தேடலை நடத்தியவர்களில் ஒருவர் மேரியின் மகன் ரிச்சர்டு. ரிச்சர்டின் மனைவி மீவ், அவர்கள் மகள் லூயிஸ் என்று மூன்று தலைமுறையாக இந்த வேலை தொடர்கிறது. பாடப் புத்தகங்களில் குடும்பப் பெயர் மட்டும் நிற்பதுதான் எனக்கு உறுத்தல்.

இப்போ போனா அந்தக் கால்தடங்களைப் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. 1979இலேயே மணலால் மூடி மேலே எரிமலைக் கற்களைப் பரப்பினார்கள். அந்த மண்ணில் கலந்திருந்த வேல விதைகள் முளைத்து மரமாகி, வேர்கள் தடங்களைத் துளைக்கும் நிலை வந்தது. 1990களில் தான்சானிய அரசின் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி (Getty) தொல்பொருள் பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து திறந்து, வேர்களை நீக்கி, வேர் ஊடுருவாத விரிப்புகள் போட்டு மறுபடி மூடின.

அவங்க சொன்னதுல எதாவது தப்பாப் போயிருக்கா?

போயிருக்கிறது. 1976இல் லேட்டோலியில் வேறோர் இடத்தில் கிடைத்த, முன்னோருடையவை என்று மேரி கருதிய ஐந்து தடங்களைப் பிற்பாடு சிலர் கரடியுடையது என்று ஒதுக்கினார்கள். 2021இல் வெளிவந்த மறு ஆய்வு அவை நிமிர்ந்து நடந்த ஒரு முன்னோருடையவை, ஆனால் நீண்ட தடவரிசைக்காரர்களிலிருந்து வேறுபட்டவர் என்றது. இதில் மேரி பக்கம் காற்று திரும்பியது. ஓல்டுவாயில் வட்டமாகக் கிடந்த கற்களைக் காற்றுத் தடுப்புக் குடிலின் அடித்தளம் என்று அவர் கருதினார். இன்று அதை ஏற்பவர்கள் குறைவு.

பெரிய சர்ச்சை, சின்ஜ் தளம் போன்ற இடங்களைப் பற்றியது. எலும்பும் கல் கருவியும் சேர்ந்து கிடந்ததால் அவை முன்னோர்கள் தங்கி, இறைச்சி தின்ற இடங்கள் என்றார் மேரி. 1981இல் அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டு, அந்த எலும்புகளில் பெரும்பகுதி சிங்கமும் கழுதைப்புலியும் விட்டுப்போன மிச்சம் என்று வாதிட்டார். அவர் வைத்துக் கணக்குப் போட்டது மேரியின் 1971 நூலில் இருந்த பட்டியல்களை. அதே 1981இல் வேறு சில ஆய்வாளர்கள், மேரி எண் போட்டுப் பெட்டிகளில் வைத்திருந்த எலும்புகளை எடுத்து நுணுகிப் பார்த்தார்கள். கல் கத்தியால் இறைச்சியை அறுத்த கீறல்கள் சில எலும்புகளில் தெளிவாக இருந்தன. சிலவற்றில் விலங்கின் பல்தடமும் கூடவே இருந்தது. யார் முதலில் தின்றார்கள் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, இரண்டு தரப்பும் இன்றைக்கும் திறந்து பார்ப்பது அதே பெட்டிகளைத்தான்.